ஒரு ஹெல்மெட்... இரண்டு சட்டம்!

1977-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் வெள்ளை ஹெல்மெட் வீரர்களை மறக்க முடியுமா? அந்த ஹெல்மெட்களைச் செய்து கொடுத்தவர் லண்டன்வாசி ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த். பல வருடங்கள் கழித்து அவற்றின் நகல்களை இணையத்தில் விற்றார். சில அமெரிக்காவுக்கும் போயின.

படத்தைத் தயாரித்த லூகாஸ்ஃபிலிம் சும்மா இருக்குமா? கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டது. 2 கோடி டாலர் தரச் சொல்லி 2006-ல் தீர்ப்பு. ஆனால், ஐன்ஸ்வொர்த் அமெரிக்காவில் இல்லாததால் அது பிரிட்டனில் செல்லுபடியாகவில்லை.

2011-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொன்னது: 'ஹெல்மெட் சிற்பம் அல்ல, எனவே, இங்கே காப்பிரைட் இல்லை. ஆனால், அமெரிக்காவில் விற்றதை அமெரிக்க காப்பிரைட் சட்டப்படி இங்கேயே விசாரிக்கலாம்!'

சரக்கு கடல் தாண்டினால், அந்த நாட்டுச் சட்டம் விற்றவர் வீட்டுக் கதவைத் தட்டும்!