தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளையும் வீட்டு ஒழுங்கும்

‘தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன்’ என்பது நம் முன்னோர் வாக்கு. தோழனாகிவிட்ட பிள்ளையிடம், ‘இரவு எட்டு மணிக்குமுன் வீடு வந்து சேர்’ என்று கட்டளையிடலாமா? பல பெற்றோரை வருத்தும் வினா இது.

க. பொ. த. உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த பிள்ளை, பெறுபேற்றுக்காகவும் பின்னர் பல்கலைக்கழக அநுமதிக்காகவும் பல மாதங்கள் வீட்டிலேயே காத்திருக்க நேர்கின்றது. பாடசாலைக் கட்டுப்பாடு நீங்கிவிட்டது. சொந்தச் சம்பாத்தியமோ இன்னும் இல்லை. சட்டமும் இப்பருவத்தைப் படிப்படியாகவே நோக்குகின்றது. இலங்கையில் வாக்குரிமைக்குரிய வயது 1959ஆம் ஆண்டில் 21இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. பராய வயதும் 1989இல் 18 ஆயிற்று. எனினும், 21 வயது நிரம்பாதோருக்கு மதுவும் புகையிலையும் விற்பதை 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. உரிமைகள் யாவும் ஒரே நாளில் வருவனவல்ல. வீட்டுக் கட்டுப்பாடும் அவ்வாறே சிறிது சிறிதாகத் தளரவேண்டியதாகும்.

இதனை யான் கற்றது ஒரு மாரிகால இரவில். எட்டு மணிக்குப் படலை பூட்டப்படும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அன்று மகன் வரவில்லை. அவனுடைய கைத்தொலைபேசியும் இயங்கவில்லை. அவன் தாயார் குடையோடு படலையடியில் நிற்க, யான் தெருத்தெருவாகத் தேடி அலைந்தேன். விடிந்தபின், நண்பனுடைய சட்டையை அணிந்தவனாய் வந்து சேர்ந்தான். வழியில் துவிச்சக்கரவண்டி பழுதாகி எட்டரை மணியாகிவிட்டதாம்.

“பிந்தி வந்தால் ஏசுவீர்கள் என்று பயந்துதான் அப்பா, போனையும் நிறுத்திவிட்டு அங்கேயே தங்கினேன்” என்றான்.

பிள்ளை வீடு வந்து சேரவேண்டும் என்று யான் இட்ட சட்டமே அவனை வீட்டுக்கு வரவொட்டாமல் தடுத்துவிட்டது!

அன்று மாலை மூவரும் கூடியிருந்து பேசினோம். போகுமிடத்தைச் சொல்லிச் செல்வது. பிந்துமாயின் உடனே அறிவிப்பது. எந்நேரம் வந்தாலும் கதவு திறக்கப்படும், விசாரணை மறுநாட் காலையிலேயே என்று முடிவு செய்தோம். “நீங்களும் பிந்தினால் அம்மாவுக்குச் சொல்லவேண்டும், அப்பா” என்றான் மகன். நியாயந்தானே! ஒப்புக்கொண்டேன்.

பெற்றோர் மனங்கொள்ளத்தக்கவை சில உள. விதிகள் சிலவாக இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லுங்கள். ‘நான் சொன்னேன், நீ செய்’ என்பது பத்து வயதுப் பிள்ளைக்குப் போதும். பத்தொன்பது வயதில் அது செல்லாது. வளர்ந்தவனுக்குரிய மதிப்பைக் கேட்பவன் வீட்டு வேலையிலும் பங்கேற்கட்டும். உண்ட கோப்பையைத் தானே கழுவட்டும். மகனுக்கொரு நீதி, மகளுக்கொரு நீதி வேண்டாம். அவர்களுக்கு வரும் கடிதத்தையும் கைத்தொலைபேசியையும் ஒளித்துப் பார்க்கவும் வேண்டாம்.

மாணவரே, உங்களுக்கும் ஒரு சொல். நீங்கள் பிந்தும் ஒவ்வொரு நாழிகையும் படலையடியில் ஒருத்தி விழித்து நிற்கின்றாள். அவளுக்கு ஒரு வார்த்தை அறிவிப்பதனால் உங்கள் சுதந்திரம் எள்ளளவும் குறையாது.