அண்டா ஆறும் நேரம்

மதியம் கிடா விருந்து. இரவு எல்லோரும் நன்றாகத்தான் படுத்தார்கள். நள்ளிரவு தாண்டியதும் ஒவ்வொருவராக வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுகிறார்கள். முறுக்கிப் பிழியும் வலி, தண்ணீராகப் பேதி. வாந்தியும் காய்ச்சலும் அநேகமாக இல்லை. எண்ணெய் சரியில்லை, கறி முத்தல், கண் பட்டுவிட்டது என்று காரணங்கள் அடுக்கப்படும். சமையல்காரருக்குத் திட்டும் விழும். ஆனால் குழம்பு எப்போது கொதித்தது, எப்படி ஆறியது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

குடலில் குடியிருக்கும் கிருமி

இந்த அறிகுறிகளைப் பார்த்ததும் சந்தேகப்பட வேண்டிய பாக்டீரியா, கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ். பெயர்தான் வாயில் நுழையாது. குடலில் எப்போதோ நுழைந்துவிட்டது. ஆடு, மாடு, கோழி, மனிதர் எல்லோர் குடலிலும் இது காணப்படுகிறது. மண்ணிலும் தூசியிலும் உண்டு. ஆக்சிஜன் இல்லாத இடத்தில்தான் பெருகும் என்பதால் காற்றுப் புகாத குடல் இதற்குத் தோதான இடம். கொஞ்சமாக இருக்கும்வரை தொந்தரவில்லை.

1892இல் அமெரிக்காவின் பால்டிமோரில் வில்லியம் வெல்ச்சும் ஜார்ஜ் நட்டலும் இதை விவரித்தார்கள். முதல் உலகப் போரில், மண் படிந்த காயங்களைப் பிடித்துச் சதையை அழுக வைத்து வீரர்களைக் கொன்றது இதுதான். இதனால் உணவு எப்படி நஞ்சாகிறது என்பதை 1953இல் பிரிட்டனில் பெட்டி ஹாப்ஸ் குழுவினர் தெளிவாகக் காட்டினார்கள். அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் பேர் இதனால் பாதிக்கப்படுவதாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் மதிப்பிடுகிறது.

கொதித்தும் சாகாதது

'நன்றாகக் கொதித்ததே, பிறகென்ன?' என்பார்கள். கொதியில் கிருமி சாகும். அதன் வித்து சாகாது. ஓடு மூடிய விதைபோல வெந்நீரையும் தாக்குப்பிடித்துக் கிடக்கும். கொதிக்கும்போது குழம்பில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் வெளியேறிவிடுகிறது. பிறகு, விருந்துக்கு முந்தின இரவே சமைத்து மூடி போட்ட அண்டா இரவெல்லாம் மெல்ல ஆறுகிறது. விளிம்பைத் தொட்டால் வெதுவெதுப்பு. நடுவில் இன்னும் நல்ல சூடு. 43 முதல் 47 டிகிரி செல்சியஸ் வரையான சூட்டில் வித்து முளைத்த கிருமி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். காலையில் குழம்பில் வாடை இருக்காது, ருசியும் மாறியிருக்காது.

லட்சக்கணக்கில் உள்ளே போன கிருமிகள் சிறுகுடலில் மறுபடி வித்தாக மாறும்போது நஞ்சு வெளிப்படுகிறது. அதனால்தான் சாப்பிட்டு 6 முதல் 24 மணி நேரம் கழித்து வலி வருகிறது.

ஆட்டுக்கும் உண்டு

ஆடு வளர்ப்போருக்கு இது பழைய எதிரி. மழைக்குப் பின் துளிர்த்த இளம்புல்லை ஆடு வயிறு முட்ட மேய்ந்தால், குடலில் இதே கிருமியின் இன்னொரு வகை பெருகி நஞ்சைக் கக்கும். நேற்று வரை கொழுகொழுவென்று இருந்த ஆடு துள்ளி விழுந்து செத்துப்போகும். துள்ளுமாரி நோய் என்பது இதைத்தான். மருந்து கொடுக்கப் பெரும்பாலும் அவகாசம் இருக்காது. மழைக்காலத்துக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிட வேண்டும்.

சமையலறையில்

மீந்த கறிக்குழம்பையும் பிரியாணியையும் அண்டாவோடு விட்டுவிடாதீர்கள். அகலமான தட்டையான பாத்திரங்களில் இரண்டு மூன்று அங்குல உயரத்துக்குப் பிரித்து ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். முழுதாக ஆறிய பிறகுதான் வைக்க வேண்டும் என்ற நினைப்பு இங்கே கெடுதல் செய்கிறது. மறுநாள் சூடு காட்டி இறக்கினால் போதாது. அடி முதல் மேல் வரை கிளறிக் கொதிக்கவிட வேண்டும். பந்தி நீளும் என்றால் அடுப்பிலேயே 60 டிகிரிக்கு மேல் வைத்திருங்கள். விருந்துச் சமையலை முந்தின இரவே முடித்து வைக்கும் வழக்கத்தை விடுவது இன்னும் நல்லது.

பேதி வந்துவிட்டால்

பெரும்பாலும் ஒரே நாளில் அடங்கிவிடும், ஆன்டிபயாடிக் தேவைப்படாது. ஓ.ஆர்.எஸ். கரைசல், கஞ்சி, மோர் என்று நீர் இறங்கிக்கொண்டே இருக்கட்டும். மலத்தில் ரத்தம், அதிகக் காய்ச்சல், சிறுநீர் குறைவது, இரண்டு நாளாகியும் நிற்காத பேதி, இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் போய்விடுங்கள். குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகள் என்றால் அவ்வளவு நேரமும் காத்திருக்க வேண்டாம். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, கூடச் சாப்பிட்டவர்களில் வேறு யாருக்கு வயிறு கெட்டது என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.