விழக் கற்போம், எழக் கற்போம்: ஐகிடோவும் குளிர்காலக் குடும்ப உலாவும்



நம் மஹல்லாவைச் சேர்ந்த பெற்றோர் சிலர் அண்மையில் நம் அறக்கட்டளையிடம் சில கேள்விகளைக் கேட்டார்கள். “பிள்ளைகளை ஐகிடோ வகுப்பில் சேர்க்கலாமா? அது நம் மார்க்கத்துக்கு ஒத்துவருமா?” என்பது ஒன்று. “மார்கழி, தை மாதங்களில் பனி அதிகம், வகுப்பையும் வெளியே போவதையும் நிறுத்திவைக்கலாமா?” என்பது மற்றொன்று. இரண்டுக்கும் சேர்த்தே இங்கு விடை சொல்ல முயல்கிறோம்.

ஐகிடோ என்றால் என்ன?

ஐகிடோ ஜப்பானில் உருவான தற்காப்புக் கலை. ‘ஐ’ என்றால் இசைவு, ‘கி’ என்றால் உயிராற்றல், ‘டோ’ என்றால் வழி. இதை உருவாக்கியவர் மொரிஹேய் உயேஷிபா (1883–1969). பழைய ஜப்பானியப் போர்க்கலைகளைப் பல ஆண்டுகள் கற்று, அவற்றிலிருந்து தமக்கென ஒரு முறையை அவர் வகுத்தார். ஐகிடோ என்ற பெயர் 1942இல்தான் நிலைபெற்றது.

கராத்தேயில் குத்தும் உதையும் முதன்மை. ஐகிடோவில் எதிரே வருபவரின் விசையைத் தடுத்து முட்டாமல், அந்த விசை போகும் திசையிலேயே நாமும் திரும்பி, அவருடைய சமநிலையைக் குலைத்துக் கீழே அமர்த்துகிறோம். பெரும்பாலான பிரிவுகளில் போட்டி கிடையாது. இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருவர் பிடிக்க மற்றவர் விடுவிக்க, பிறகு இடம் மாறி, மாறி மாறிப் பழகுவதே பயிற்சி.

“போட்டியும் பதக்கமும் இல்லையென்றால் என்ன பயன்?” என்று ஒரு தந்தை கேட்டார். நியாயமான கேள்வி. தெருவில் நாலு பேரை வீழ்த்துகிற திறமை ஆறு மாதத்தில் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஐகிடோ மெதுவாகப் படியும் கலை. ஆனால் முதல் மாதத்திலிருந்தே கைக்கு வரத் தொடங்கும் பயன் ஒன்று அதில் உண்டு: அடிபடாமல் விழுவது.

முதல் பாடம் விழுவதே

ஐகிடோ வகுப்பில் சேரும் எவருக்கும் முதலில் கற்பிக்கப்படுவது ‘உகேமி’. பாதுகாப்பாக விழுந்து, உடனே எழுவதற்கான முறை அது.

நாம் தடுக்கி விழும்போது இயல்பாகவே கையை நீட்டித் தரையில் ஊன்றுகிறோம். உடலின் முழு எடையும் மணிக்கட்டில் இறங்குகிறது, எலும்பு முறிகிறது. பின்னால் விழுந்தாலோ பின்தலை தரையில் மோதுகிறது. உகேமி இந்த இரண்டு ஆபத்துகளையும் குறைக்கிறது.

பின்னால் விழும்போது ஒரு காலை மடித்து உடலைத் தாழ்த்த வேண்டும். மோவாயை நெஞ்சோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். முதுகை வளைத்து உருள வேண்டும். முன்னால் விழும்போது கையை விறைப்பாக ஊன்றாமல் வில் போல வளைத்து, சுண்டுவிரல் ஓரத்தில் தொடங்கி முன்கை, தோள், பிறகு முதுகின் குறுக்காக எதிர்ப்பக்க இடுப்பு வரை ஒரு சக்கரம் போல உருள வேண்டும். தலை தரையைத் தொடாது. முதுகெலும்பும் நேராக அடி வாங்காது. ஒரே இடத்தில் விழ வேண்டிய அடி பல இடங்களுக்குப் பரவி லேசாகிவிடுகிறது.

இது சிறிய விஷயமா? உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, விழுந்து இறப்பவர்கள் உலகில் ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர். அவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே மிகுதி. தற்காப்புக் கலைகளில் கற்பிக்கப்படும் விழும் முறை, பக்கவாட்டில் விழும்போது இடுப்பெலும்பில் இறங்கும் விசையைக் குறைக்கிறது என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். உளூச் செய்யும் இடத்தில் வழுக்கி விழுந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்த பெரியவர்கள் இல்லாத மஹல்லா எது?

குளிரும் பயிற்சியும்

குளிர்காலத்தில் பயிற்சியை நிறுத்துவது ஐகிடோ பிறந்த நாட்டின் வழக்கம் அல்ல. அங்கே நிலைமை நேர் எதிர். ஆண்டிலேயே குளிர் மிகக் கடுமையாக இருக்கும் ஜனவரி, பிப்ரவரி நாட்களில், தொடர்ந்து பல நாட்கள் நடத்தும் சிறப்புப் பயிற்சிக்கு ‘கங்கேய்கோ’ என்று பெயர். ‘குளிர்காலப் பயிற்சி’ என்பதே அதன் பொருள். ஐகிடோ மட்டுமின்றி ஜூடோ, வாள்பயிற்சி முதலிய கலைகளிலும் இது உண்டு. போர்வையை விட்டு எழ மனம் வராத நாளிலும் எழுந்து வருகிற பழக்கத்தை ஊட்டுவதே இதன் நோக்கம். பஜ்ர் தொழுகைக்கு மார்கழிக் குளிரில் எழுந்து பழகியவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. சிறிதாயினும் விடாமல் செய்யும் அமலின் சிறப்பை ஜும்ஆ பயான்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம்.

உயேஷிபாவின் வாழ்க்கையிலும் குளிருக்குப் பெரிய இடம் உண்டு. 1912இல் அவர் தம் ஊரிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்களோடு ஜப்பானின் வடகோடியிலுள்ள ஹொக்கைடோ தீவுக்குக் குடியேறினார். ஷிரதாகி என்ற இடத்தில் காடு திருத்தி, பனியோடு போராடி, ஊர் அமைத்தார்கள். அந்தத் தீவில் இருந்தபோதுதான், ஐகிடோவுக்கு அடிப்படையாக அமைந்த கலையின் ஆசிரியரான தகேதா சொகாகுவை அவர் சந்தித்தார்.

அதே ஹொக்கைடோவின் பெரிய நகரம் சப்போரோ. குளிர்காலத்தில் அங்கே நடைபாதையெல்லாம் பனிக்கட்டியாக இறுகிவிடும். மக்கள் வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பதில்லை. குழந்தைகளோடு பனியில் சறுக்கி விளையாடுகிறார்கள். 1950 முதல் நடந்துவரும் பனித் திருவிழாவுக்குக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். வழுக்காமல் இருக்க அவர்கள் கையாளும் முறைகள் எளியவை. தெருமுனைகளில் மணல் வைத்திருக்கிறார்கள். யாரும் எடுத்துத் தூவிக்கொள்ளலாம். நடக்கும் முறைக்குப் ‘பெங்குவின் நடை’ என்று பெயர்: சிறு அடி, முழுப் பாதமும் ஒரே சமயத்தில் தரையில் படுவது, உடல் எடை சற்று முன்பக்கம், கைகள் சட்டைப்பைக்கு வெளியே.

ஐகிடோவில் கற்பதும் ஏறக்குறைய இதுதான். முழங்கால் இறுகாமல், இடுப்பு தாழ்ந்து, பாதம் தரையோடு உறவாடியபடி நகர்வது. வகுப்பில் மெத்தை விரிப்பில் கற்ற சமநிலை, வெளியில் கரடுமுரடான நிலத்தில் நடக்கும்போதுதான் சோதிக்கப்படுகிறது. வெளியில் நடந்து பழகிய கால், வகுப்பில் இன்னும் உறுதியாக நிற்கிறது. ஆகவே வகுப்பும் உலாவும் ஒன்றுக்கொன்று துணை என்பதே எங்கள் கருத்து.

நம் ஊர்க் குளிர்காலம்

நம் ஊரில் பனிக்கட்டி இல்லை. ஆனால் வழுக்கல் உண்டு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு மாடிப்படி, கிணற்றடி, குளத்துப் படித்துறை எங்கும் பாசி பிடித்திருக்கும். அரையாண்டு விடுமுறையில் ஊட்டிக்குப் போனால் அதிகாலைப் புல்வெளியில் உறைபனியையே காணலாம். அருவிக்கரைப் பாறைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கனடாவுக்கும் ஜெர்மனிக்கும் படிக்கப் போகும் நம் பிள்ளைகளுக்கு உறைந்த நடைபாதை அன்றாட வழி.

வெயில் தணிந்த டிசம்பர் முதல் பிப்ரவரி வரையே நம் ஊரில் குடும்பத்தோடு வெளியே நடக்க ஏற்ற காலம். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு மணி நேர வகுப்பு இரண்டு, ஞாயிறன்று ஒரு மணி நேர நடை என்று வைத்துக்கொண்டால் 180 நிமிடம் ஆகிவிடுகிறது. பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் தேவை. வகுப்பு மட்டும் போதாது, மாலை விளையாட்டும் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை உலாவுக்குச் செலவு தேவையில்லை. பஜ்ருக்குப் பின் வெளிச்சம் வந்ததும் கடற்கரை, ஏரிக்கரை, தோப்பு என்று அருகிலுள்ள இடத்துக்கு இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து போகலாம். பிள்ளைகள் மணலில் கோடு கிழித்து அதன்மேல் நடக்கட்டும். ஒற்றைக் காலில் யார் நெடுநேரம் நிற்கிறார் என்று பார்க்கட்டும். உருளக் கற்ற பிள்ளைகள், கல்லும் கண்ணாடித் துண்டும் இல்லை என்று பெரியவர்கள் பார்த்துச் சொன்ன மணலில் உருண்டு காட்டட்டும். பாறையிலும் சிமெண்டுத் தரையிலும் வேண்டாம். பாட்டனார், பாட்டிமார்கள் உருள வேண்டியதில்லை. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து அமர்வது, சுவரைப் பிடித்தபடி ஒரு காலில் நிற்பது ஆகியவையே அவர்களுக்கு நல்ல பயிற்சி. அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். வகுப்புக்குப் பணம் கட்டிப் பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பும் தந்தைக்கு, பிள்ளை என்ன கற்றது என்று தெரிவது இப்படிப்பட்ட உலாவில்தான்.

ரமலான் ஆண்டுதோறும் சுமார் 11 நாட்கள் முன்னால் நகர்வதால், சில ஆண்டுகளில் நோன்பும் குளிர்காலத்திலேயே வரும். அப்போது வகுப்பை அறவே விடாமல், நோன்பு திறந்து தராவீஹும் முடிந்த பின் லேசான அசைவுப் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மார்க்கம் சார்ந்த கேள்விகள்

இதுவே பெற்றோரின் முதல் கவலை. உள்ளதை உள்ளபடி சொல்கிறோம்.

ஐகிடோ வகுப்பு மண்டியிட்டு அமர்ந்து குனிந்து வணங்குவதோடு தொடங்கும். பல கூடங்களில் முன்சுவரில் உயேஷிபாவின் படம் இருக்கும். அதை நோக்கியும் குனிவார்கள். சில பிரிவுகளில் இரு முறை கைதட்டும் வழக்கமும் உண்டு. அது ஜப்பானியரின் ஷிண்டோ சமயத்திலிருந்து வந்தது. ஜப்பானியருக்கு ஒருவரையொருவர் குனிந்து வரவேற்பது மரியாதை. ஆனால் அமர்ந்த நிலையில் நெற்றி தரையருகே போகும்படி குனிவது தோற்றத்தில் சஜ்தாவை ஒத்திருக்கிறது. சஜ்தா அல்லாஹ்வுக்கு மட்டுமே உரியது என்பதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை.

எனவே பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன்பே ஆசிரியரிடம் பணிவாகப் பேசுங்கள். படத்துக்கு முன் குனிவதைத் தவிர்த்து அமைதியாக நிற்கவும், சக மாணவருக்கு நெஞ்சில் கை வைத்து மரியாதை செய்யவும் அனுமதி கேளுங்கள். காரணத்தை விளக்கிச் சொன்னால் ஏற்றுக்கொள்ளும் ஆசிரியர்கள் உண்டு. ஏற்காத இடத்தில் சச்சரவு வேண்டாம். வேறு இடம் பார்க்கலாம். புத்தாண்டை ஒட்டி ‘ககாமி பிராகி’ என்ற நிகழ்ச்சியும் நடக்கும். ஜப்பானில் சமயப் படையலாக வைத்த அரிசிப் பண்டத்தை உடைத்து உண்ணும் வழக்கம் அது. அதில் உண்ணாமல் விலகிக்கொள்வது எளிது. தெளிவு வேண்டுவோர் நம் பள்ளிவாசல் இமாம் அவர்களிடமோ, தாம் நம்பும் ஆலிம்களிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு அவர்களுடையது.

மணிக்கட்டையும் தோளையும் பிடித்துச் செய்யும் கலை என்பதால் ஆண், பெண் கலந்த பயிற்சி நமக்கு ஆகாது. பெண்பிள்ளைகளுக்குத் தனி வகுப்பும், கற்பிக்கப் பெண் ஆசிரியரும் இருக்கிறார்களா என்று பாருங்கள். உடையைப் பொறுத்தவரை கவலை குறைவு: நீளக் கைச் சட்டையும் முழுக்கால் உடையும்தான் சீருடை. தலைத்துணியை ஊசி குத்தாமல் இறுகக் கட்டிக்கொள்ள வேண்டும். உருளும்போது ஊசி ஆபத்து.

யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் மண்டியிட்டுச் செய்யும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும். கழுத்துவலி, எலும்பு மெலிவு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் உருளக் கூடாது. சர்க்கரை நோயாளிகள் கவனிக்க வேண்டியது பாதம்: ஐகிடோ வெறுங்காலில் செய்வது, உணர்ச்சி குறைந்த காலில் புண் வந்தாலும் தெரியாது. வகுப்பு முடிந்ததும் இரு பாதங்களையும் பார்த்துவிடுங்கள்.

இளைப்பு உள்ள பிள்ளைகளை மூடுபனி விலகிய பின் வெளியே அழைத்துச் செல்லுங்கள். போகி நாளின் காலைப் புகையில் அவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும். குளிரில் தசைகள் இறுகியிருக்கும் என்பதால், எந்த வயதினரும் முதல் பத்து நிமிடம் உடலைச் சூடேற்றிய பிறகே உருளத் தொடங்க வேண்டும். தாகம் தெரியாவிட்டாலும் தண்ணீர் குடிக்க வேண்டும்.

சேர்ப்பதற்கு முன் ஒருமுறை வகுப்பை நேரில் உட்கார்ந்து பாருங்கள். விரிப்பு போதிய கனமாக இருக்கிறதா? புதிய பிள்ளைக்கு முதலில் விழக் கற்றுத்தருகிறார்களா, எடுத்த எடுப்பிலேயே தூக்கி எறிகிறார்களா? வலிக்கிறது என்று தட்டிக் காட்டியதும் பிடியை விடுகிறார்களா? தொழுகை நேரத்துக்கு இடைவெளி தருவார்களா? இந்த நான்குக்கும் விடை சரியாக இருந்தால், குளிரைக் காரணம் காட்டிப் பிள்ளையை நிறுத்தாதீர்கள்.

உடல்நலம் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைப் பேணவும், குடும்பத்தோடு அவனுடைய படைப்புகளைக் கண்டு நன்றி செலுத்தவும், விழுந்தாலும் நலமாக எழவும் நம் அனைவருக்கும் அவன் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.