அரிக்காத திட்டும் ஆறாத புண்ணும்: தோல் வைத்தியரிடம் எப்போது போக வேண்டும்?

அடுப்பிலிருந்து சோற்றுப் பானையை இறக்கி வைக்கிறீர்கள். கையில் சூடு பட்டுக் கொப்புளம் வந்திருக்கிறது. ஆனால் சுட்டது உங்களுக்குத் தெரியவில்லை. பிள்ளை பார்த்துச் சொன்ன பிறகுதான் கவனிக்கிறீர்கள். வேலை அவசரத்தில் தெரியாமல் போயிருக்கும் என்று நினைத்து விட்டுவிடுகிறீர்கள். அதே கையில், முழங்கைக்குக் கீழே, வெளிறிய திட்டு ஒன்று இரண்டு வருடமாக இருக்கிறது. அது அரிக்கவில்லை, வலிக்கவும் இல்லை. ஆகவே அதைத் தேமல் என்று எண்ணி இருந்துவிட்டீர்கள்.

கையில் சுட்டது தெரியாமல் போனதற்கு அந்தத் திட்டுக்குக் காரணமான நோயே காரணமாக இருக்கலாம்.

எம்மில் பலர் தோல் நோயை அரிப்பாலும் வலியாலும் அளந்து பார்க்கிறோம். அரித்தால் மருந்து தேடுவோம். அரிக்காவிட்டால் மறந்துவிடுவோம். காயம்பட்டவர்களும் உறுப்பிழந்தவர்களும் ஆஸ்பத்திரி வாசலில் கிடந்த காலத்தில், ஒரு படையைக் காட்டப் போவதற்கு எமக்கே வெட்கமாக இருந்தது. போர் முடிந்து இத்தனை ஆண்டுகள் சென்ற பின்னும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும் என்ற கணக்கும் இருக்கிறது. ஆனால் பிந்திப் போனால் விரல்களையோ, காலையோ இழக்க நேரிடும் சில நோய்களும் தோலில்தான் முதலில் தெரிகின்றன. எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் காத்திருக்கக் கூடாது என்பதைத் தெரிந்து வைத்திருந்தால் அந்த ஒரு நாளைச் சரியான நேரத்தில் செலவிடலாம்.

உணர்ச்சியற்ற திட்டு

தோலில் வெளிறிய அல்லது சற்றுச் சிவந்த திட்டு, அதில் தொடுகை, சூடு, வலி தெரியாமை: இது தொழுநோயின் முக்கியமான அடையாளம். தொழுநோய் ஒழிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது உண்மையல்ல. இலங்கையில் இன்றும் ஒவ்வோர் ஆண்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய நோயாளிகள் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். மட்டக்களப்பு மாவட்டமும் அதிகம் பாதிக்கப்பட்ட இடங்களில் ஒன்று.

இந்த நோய்க்கிருமி மிக மெதுவாக வளர்வது. உடலில் புகுந்து சராசரியாக ஐந்து வருடம் கழித்தே அடையாளம் தெரியும். அது தோலைவிட நரம்பைத்தான் அதிகம் கெடுக்கிறது. கவனிக்காமல் விட்டால் கைவிரல்கள் மடங்கும், பாதத்தில் உணர்ச்சி போகும், கண்ணை மூட முடியாமற் போகும். ஒருமுறை அழிந்த நரம்பைத் திரும்பப் பெறுவது கடினம். ஆகவேதான் வலிக்கும் வரை காத்திருக்கக் கூடாது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பஞ்சுத் துண்டின் நுனியால் திட்டிலும், அருகிலுள்ள நல்ல தோலிலும் மாறி மாறி இன்னொருவரைத் தொடச் சொல்லுங்கள். திட்டில் தொட்டது தெரியவில்லை என்றால் அந்த வாரமே வைத்தியரிடம் போங்கள். தொட்டது தெரிந்தாலும், திட்டு மாதக்கணக்கில் மாறாமல் இருந்தால் காட்டுவதே நல்லது.

வயதானவர்கள் இந்த நோயின் பெயரைக் கேட்டாலே மாந்தீவை நினைப்பார்கள். ஒரு காலத்தில் நோயாளிகளை மட்டக்களப்பு வாவியிலுள்ள அந்தத் தீவில் பிரித்து வைத்தார்கள். இன்று யாரையும் அப்படிப் பிரிப்பதில்லை. மாத்திரைகளை வீட்டிலிருந்தே எடுக்கலாம், அவை இலவசம். நோயின் அளவைப் பொறுத்து ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் எடுக்க வேண்டும். சிகிச்சை தொடங்கிய சிறிது காலத்திலேயே மற்றவர்களுக்குத் தொற்றும் தன்மை போய்விடும். மாத்திரையால் சிறுநீர் சிவப்பாகப் போகலாம், தோல் கறுக்கலாம். அதற்குப் பயந்து மருந்தை நிறுத்த வேண்டாம். தோலின் கறுப்பு மருந்து முடிந்த பிறகு படிப்படியாகக் குறையும். வீட்டிலுள்ளவர்களையும் பரிசோதிப்பது அவசியம்.

ஆறாத புண்

சாதாரணப் புண் இரண்டு மூன்று வாரத்தில் ஆற வேண்டும். ஒரு மாதமாகியும் ஆறாத புண்ணை வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

முகம், கை, கால் போன்ற திறந்த இடங்களில் வலியில்லாத சிறு கட்டி வந்து, மெல்லப் பெருத்து, நடுவில் புண்ணாகிறதா? அது மணல் ஈ கடிப்பதால் வரும் லீஷ்மேனியாசிஸ் ஆக இருக்கலாம். இலங்கையில் 1992 இல் இது முதலில் அறியப்பட்டது. இப்போது அநுராதபுரம், பொலன்னறுவை, அம்பாந்தோட்டை மாவட்டங்களிலும் வன்னியின் காட்டோரப் பகுதிகளிலும் காணப்படுகிறது. விறகுக்கும் வயல் வேலைக்கும் போகும் பெண்கள் கவனிக்க வேண்டும். புண்ணில் ஊசி ஏற்றியோ, குளிரூட்டி உறைய வைத்தோ குணப்படுத்துவார்கள். பூச்சு மருந்துகளை மாற்றி மாற்றிப் பூசுவதால் தழும்புதான் பெரிதாகும்.

போர்க் காயத் தழும்பு உள்ள சகோதரிகள் இதைக் கவனமாக வாசியுங்கள். பழைய தீக்காயத் தழும்பிலோ, நெடுங்காலம் ஆறாமல் இருந்த காயத்திலோ பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் உண்டாகலாம். இது எல்லோருக்கும் வருவதல்ல. ஆனால் ஆறிப்போன தழும்பு மறுபடி வெடித்துப் புண்ணானால், அதன் ஓரம் தடித்துக் கடினமானால், இரத்தம் கசிந்தால், நாற்றம் வந்தால் உடனே காட்டுங்கள். சிறு துண்டு தோல் எடுத்துப் பரிசோதிப்பார்கள். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் வெட்டி அகற்றிக் குணப்படுத்தலாம். உள்ளே சன்னத் துண்டு இருக்கும் இடம் சிவந்து வீங்கினாலும், சீழ் வடிந்தாலும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அதை வீட்டில் கீறி எடுக்க முயல வேண்டாம்.

செயற்கைக் கால் போடுபவர்கள் தினமும் இரவில் மொட்டுப் பகுதியை ஒரு கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். உரசிச் சிவந்திருந்தால் ஆறும் வரை காலைப் போடாமல், அதைச் செய்து தந்த நிலையத்தில் சரிபார்க்கக் கொடுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதத்தில் சிறு புண் வந்தாலும் காத்திருக்கக் கூடாது.

அரிப்புக்கு எது மருந்து?

இரவில் கூடும் அரிப்பு, விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் சிறு பருக்கள், வீட்டில் இன்னொருவருக்கும் அதே அரிப்பு: இது பெரும்பாலும் சொறி. நெருக்கியடித்து வாழ்ந்த முகாம் நாட்களை நினைப்பவர்களுக்கு இது புதிதல்ல. இதற்குத் தோல் நிபுணரிடம் போக வேண்டியதில்லை. அருகிலுள்ள ஆஸ்பத்திரி போதும். ஆனால் வீட்டிலுள்ள எல்லோரும், அரிப்பு இல்லாதவர்களும், ஒரே இரவில் கழுத்து முதல் பாதம் வரை மருந்து பூச வேண்டும். சிறு குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் எந்த மருந்து என்று கேட்டே பூசுங்கள். உடுப்பு, படுக்கை விரிப்புகளைச் சுடுநீரில் தோயுங்கள். தோய்க்க முடியாததைப் பையில் இறுகக் கட்டி மூன்று நாட்களுக்கு மேல் வையுங்கள். கிருமி செத்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கலாம். அதற்குமேல் நீடித்தால் திரும்பப் போங்கள்.

வட்ட வட்டமாகப் பரவும் படர்தாமரைதான் இப்போது பெரிய தொல்லை. பாமசியில் துண்டில்லாமல் வாங்கும் பல களிம்புகளில் ஸ்டீரொயிட் கலந்திருக்கிறது. பூசியதும் அரிப்பு நிற்கும். நிறுத்தியதும் முன்னிலும் அகலமாக வரும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து வெடிக்கும். முகத்தை வெள்ளையாக்கும் கிறீம்கள் சிலவற்றிலும் ஸ்டீரொயிட் இருக்கிறது. வேறு சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சுகப்படுத்திய மருந்து உங்களுக்கு ஒத்துவரும் என்று நம்ப வேண்டாம். இரண்டு வாரம் சிகிச்சை செய்தும் குறையாவிட்டால் தோல் நிபுணரைக் காண்பதற்கு அதுவே நேரம்.

கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம்

பின்வருபவை வந்தால் இரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்:

• புதிய மருந்து எடுத்த பின் தோல் கொப்பளித்து உரிதல், வாயிலும் கண்ணிலும் புண்.
• முகம், உதடு வீங்கி மூச்சுத் திணறல்.
• காய்ச்சலுடன் கால் சிவந்து, வீங்கி, சூடாக வலித்தல்.
• காய்ச்சலுடன் தோலின் கீழ் இரத்தப் புள்ளிகள்.

உள்ளங்காலிலோ நகத்தின் கீழோ வளர்ந்து நிறம் மாறும் கறுப்பு மறுவையும் தாமதிக்காமல் காட்டுங்கள்.

போவதற்கு முன்

முதலில் அருகிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போய், தோல் நோய்க் கிளினிக்குக்குத் துண்டு கேளுங்கள். எந்த நாளில் கிளினிக் என்பதை முன்பே விசாரித்தால் வீணாக அலைய வேண்டியதில்லை. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைகளில் இந்தச் சேவை உண்டு. கட்டணம் இல்லை. எங்கே போவதென்று தெரியாவிட்டால் உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் கேளுங்கள்.

இதுவரை பூசிய களிம்புகளின் வெற்றுக் குழாய்களையும், மற்ற நோய்களுக்கான கிளினிக் கொப்பியையும் கொண்டு போங்கள். அன்று காலை எதையும் பூச வேண்டாம். கர்ப்பமாக இருந்தாலும், பால் கொடுத்தாலும், ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மார்பின் கீழோ தொடையிடுக்கிலோ உள்ள நோயைக் காட்டக் கூச்சமாக இருக்கலாம். பெண் தாதி ஒருவர் அருகில் நிற்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. துணைக்கு ஆளில்லை என்று தயங்கினால், அதே கிளினிக்குக்குப் போகும் ஊர்ப் பெண் ஒருவருடன் சேர்ந்து போங்கள்.

இந்த மாதம் ஒரு நாள், குளிக்கும்போது உங்கள் கை, கால், முதுகை ஒருமுறை பாருங்கள். முதுகை மகளிடமோ சகோதரியிடமோ பார்க்கச் சொல்லுங்கள். அவர்களுடையதை நீங்கள் பாருங்கள். அரிக்காத திட்டோ, ஆறாத புண்ணோ கண்ணில் பட்டால் அந்த ஒரு நாள் கூலியைப் பார்க்க வேண்டாம். பிள்ளைகளுக்குச் சோறு போடுகிற கை அது. அதைக் காப்பாற்றிக்கொள்வதும் எமது கடமைதான்.