ஊர்க்காவல் – 7: ஆணியில் தொங்கும் நோட்டு

சென்ற வாரம் நகரத்து அடுக்ககங்களில் தனியே இருக்கும் பெரியவர்களைப் பார்த்தோம். அங்கே சத்தம் போட்டால் எதிர்வீட்டுக்காவது கேட்கும். கொங்கு நாட்டுத் தோட்டத்துச் சாளையில் கூப்பிட்டால் தென்னைக்குத்தான் கேட்கும்.

2024 நவம்பர் கடைசியில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டன்பாளையத்தில் ஒரு முதிய தம்பதியும் மகனும் தோட்டத்து வீட்டில் கொல்லப்பட்டார்கள். ஐந்து மாதம் கழித்து சிவகிரிப் பக்கம் இன்னொரு முதிய தம்பதி. 2025 மே 1 அன்று அவர்களைக் கண்டபோது, இறந்து சில நாள் ஆகியிருந்தது. அதே மாதத்தில் சிலர் பிடிபட்டார்கள். இரண்டு வழக்குக்கும் தொடர்பு உண்டு என்றது போலீஸ். எனக்கு உறுத்துவது அந்தச் சில நாட்கள்தான்.

பண்ணையத்தில் ஆள் இருந்த காலத்தில் விடிந்ததும் யாராவது வாசலுக்கு வந்துவிடுவார்கள். இப்போது சொட்டுநீரை மோட்டார் பார்த்துக்கொள்கிறது. வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனியில். மாட்டை விற்றுவிட்டால் பால்காரரும் வருவதில்லை. திருட வருகிறவனுக்கு இதெல்லாம் தெரியும். ஸ்டேஷனுக்குத் தெரியுமா?

தெரிய வேண்டும் என்கிறது சட்டம். மூத்த குடிமக்களுக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் மாதிரி விதிகள், எல்லையில் தனியாக வாழும் முதியோர் பட்டியலை ஒவ்வொரு ஸ்டேஷனும் வைத்திருக்க வேண்டும், மாதம் ஒருமுறையாவது, முடிந்தால் ஒரு சமூக சேவகரோடு, நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்கின்றன. கேமரா மாட்டச் சொல்வது நல்லதுதான். ஆனால் கேமரா நடந்ததைக் காட்டும். ஆத்தா இன்றைக்கு எழுந்தாரா என்று கேட்காது.

ஒரு மாலை ரோந்து போன இளம் காவலரோடு நானும் போனேன். மண் தடத்தில் பைக் நின்றதும் நாய் குரைக்கவில்லை. காவலர் அதைத்தான் முதலில் கவனித்தார்.

“நாய் எங்கீங்கம்மா?”

“செத்துப்போச்சு கண்ணு. ரெண்டு நாளாச்சு. எதையோ தின்னுருச்சாட்ட இருக்குது.”

அவர் முகம் மாறியது. வாந்தி எடுத்ததா, எங்கே கிடந்தது, அன்றைக்குத் தடத்தில் புது ஆள் யாராவது வந்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பழைய பாத்திரம் வாங்க ஒருத்தர் வந்தாராம். பெரியவருக்குக் காது மந்தம். திண்ணையில் இருந்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். ஆத்தா எங்களுக்கு மோர் கொண்டுவந்தார். இந்த விசாரணை எந்தப் படிவத்திலும் இல்லாதது. ஏற்கெனவே நாலு தடவை வந்து நாயிடம் குரைப்பு வாங்கியவருக்குத்தான் அது வாய்க்கும்.

சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய நோட்டை எடுத்தார். தேதி, நேரம், கையெழுத்து. நான் பக்கங்களைப் புரட்டினேன். நடுவில் பதினொரு நாள் காலி.

“தேர் நோம்பிங்க சார். பந்தோபஸ்துக்கு எல்லாரையும் அனுப்பிட்டாங்க.”

“நானும் பாத்துட்டே இருந்தேன்” என்றார் ஆத்தா, டம்ளரை வாங்கிக்கொண்டே. “மாத்திட்டாங்களோன்னு நெனச்சேன் சாமி.”

காவலர் அன்றைய வரிக்குக் கீழே தன் செல் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதினார். பெரியவருக்குக் கண்ணும் மங்கல் என்று ஆத்தா சொல்ல, அடித்துவிட்டு இன்னும் பெரிதாக எழுதினார்.

(தொடரும்)