ஸ்போர்ட்ஸ் கார் பிரேக் டிஸ்க்கை எப்போ மாத்தணும்? கிலோமீட்டரைப் பார்க்காதீங்க, இந்த நம்பரைப் பாருங்க!

"பேட் மட்டும் மாத்தினா போதும் சார், டிஸ்க் நல்லாத்தான் இருக்கு." சர்வீஸுக்கு கார் விடும் பலரும் கேட்டிருக்கும் வசனம் இது. தினமும் ஆபீஸ் போய்வரும் கார் என்றால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் உங்களுடையது ஸ்போர்ட்ஸ் காரா? அதுவும் செகண்ட் ஹேண்டில் வாங்கியதா? அப்படியென்றால் கண்ணால் பார்த்துச் சொல்வது போதாது. அளந்தே ஆக வேண்டும். ஏன்?

எல்லாம் சூடு செய்யும் வேலை

ரோட்டார் என்றும் சொல்லப்படும் பிரேக் டிஸ்க்கின் வேலை, காரின் வேகத்தை வெப்பமாக மாற்றி காற்றில் விடுவதுதான். வேகம் இரண்டு மடங்கானால், வெப்பம் நான்கு மடங்காகும்.

1,500 கிலோ எடையுள்ள கார் 200 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் அதனிடம் இருக்கும் ஆற்றலை வைத்து சுமார் 8 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். பிரேக் பிடித்தால் சில நொடிகளில் அவ்வளவு சூட்டையும் பிரேக்குகள் தாங்க வேண்டும். அதிலும் பெரும்பங்கு முன்பக்க டிஸ்க்குகளுக்குத்தான்.

அதனால்தான் 'இத்தனை ஆயிரம் கிலோமீட்டரில் மாத்தணும்' என்று பொதுவாகச் சொல்ல முடியாது. ஹைவேயில் நிதானமாக ஓடிய காரின் டிஸ்க் பல வருஷம் வரும். அதே மாடல் காரை இருங்காட்டுக்கோட்டை போன்ற ரேஸ் டிராக்கில் அடிக்கடி ஓட்டினால், அதைவிடப் பல மடங்கு வேகமாகத் தேயும்.

டிஸ்க்கிலேயே எழுதியிருக்கும்

வார்ப்பிரும்பு டிஸ்க்கின் விளிம்பிலோ நடுப்பகுதியிலோ 'மின் டிஹெச்' என்ற எழுத்துகளோடு ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அதுதான் குறைந்தபட்ச தடிமன். புதிதில் 28 மி.மீ. உள்ள டிஸ்க்கில் 26 மி.மீ. என்று போட்டிருந்தால், தேய்வதற்கு அனுமதி மொத்தம் 2 மி.மீ. தான். அதாவது ஒரு பக்கத்துக்கு 1 மி.மீ.!

அளப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. பேட் படாத வெளி விளிம்பு தேயாமல் மேடாக நிற்கும். சாதாரண வெர்னியரை வைத்தால் அந்த மேட்டைத்தான் அளக்கும். டிஸ்க் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். பேட் உரசும் பகுதியில், மைக்ரோமீட்டர் வைத்து, நாலைந்து இடங்களில் அளக்கச் சொல்லுங்கள்.

பேட் மாற்றும்போதே டிஸ்க் எல்லைக்குப் பக்கத்தில் இருந்தால், அதையும் சேர்த்து மாற்றுவதே லாபம். இல்லையென்றால் புது பேட் பாதி தேய்வதற்குள் மறுபடி ஷெட்டுக்குப் போக வேண்டிவரும்.

ஒல்லியானால் என்ன ஆகும்?

இரும்பு குறைந்தால் சூட்டை உள்வாங்கும் திறனும் குறையும். டிஸ்க் சீக்கிரம் கொதிக்கும், சூடு பேட் வழியாக காலிப்பருக்கும், அங்கிருந்து பிரேக் ஆயிலுக்கும் போகும். டாட் 4 ரக ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 டிகிரிதான். ஆயில் கொதித்தால் குமிழி உண்டாகும். பெடலை மிதித்தால் 'பொதக்'கென்று உள்ளே போகும், கார் நிற்காது.

தடிமன் இருந்தாலும் இவற்றைக் கவனிங்க

* விரிசல்: மேற்பரப்பில் மயிரிழை போன்ற கோடுகள் டிராக்கில் ஓடிய டிஸ்க்கில் சகஜம். அது விளிம்பைத் தொட்டாலோ, துளை போட்ட டிஸ்க்கில் ஒரு துளையிலிருந்து இன்னொன்றுக்குப் போனாலோ உடனே மாற்ற வேண்டும்.
* ஸ்டியரிங் நடுக்கம்: 'டிஸ்க் வளைஞ்சிடுச்சு' என்பார்கள். பெரும்பாலும் வளைந்திருக்காது. பேட்டின் துகள் திட்டுத்திட்டாகப் படிந்திருக்கும், அல்லது தடிமன் இடத்துக்கு இடம் மாறியிருக்கும். லேத்தில் கொடுத்து சமப்படுத்தலாம். ஆனால் அதன் பிறகும் குறைந்தபட்ச தடிமனுக்கு மேல் இருக்க வேண்டும்.
* துரு: மழையில் நின்ற காரில் மேலோட்டமாகப் பிடிக்கும் துருவுக்குப் பயப்பட வேண்டாம். சில முறை பிரேக் பிடித்தாலே போய்விடும்.

கார்பன் செராமிக் என்றால்?

இதற்கு மைக்ரோமீட்டர் மட்டும் போதாது. போர்ஷே, ஃபெராரி போன்ற கார்களில் வரும் இந்த டிஸ்க் அதிக சூட்டில் கார்பனை இழக்கும். தடிமன் அப்படியே இருந்தாலும் எடை குறைந்துவிடும். அதனால் இதில் குறைந்தபட்ச எடையும் பொறிக்கப்பட்டிருக்கும். கழற்றி எடை போட்டுப் பார்க்கலாம். விலை மிக அதிகம் என்பதால், பழைய கார் வாங்குபவர்கள் இதைச் சோதிக்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

மாத்தும்போது...

இடது, வலது இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும். பேட்டும் புதிதாக இருப்பது நல்லது. ஹப்பில் உள்ள துருவைச் சுத்தம் செய்யாமல் மாட்டினால் நடுக்கம் திரும்ப வரும். முதல் சில நூறு கிலோமீட்டருக்கு, அவசரம் தவிர, முரட்டுத்தனமாக பிரேக் பிடிக்காதீர்கள்.

தேய்ந்த டிஸ்க், சிட்டி டிராஃபிக்கில் நன்றாகவே பிடிக்கும். அதுதான் ஆபத்து. அது கைவிடுவது மலையிறக்கத்தில் பத்தாவது ஹேர்பின் வளைவிலோ, டிராக்கில் ஐந்தாவது லேப்பிலோதான். அடுத்த சர்வீஸில் "டிஸ்க் எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். "எத்தனை மி.மீ. இருக்கு?" என்று கேளுங்கள்.