உங்க காருக்குள்ள வர்ற காற்று சுத்தமானதுதானா?

ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு வழக்கம். குரோம்பேட்டையில் காரைக் கிளப்பி, அண்ணா நகரில் இருக்கும் பாட்டி வீட்டுக்குப் போவது. அப்பா ஸ்டியரிங்கில், பக்கத்தில் அம்மா, பின் சீட்டில் எட்டு வயதுப் பையனும் அவன் தங்கையும்.

"வீட்டை விட்டுக் கிளம்பறப்போ நல்லாத்தான் இருப்பான் டாக்டர். கத்திப்பாரா தாண்டறதுக்குள்ள பத்துத் தும்மல் போட்டுடுவான். அண்ணா நகர் போய்ச் சேர்றதுக்குள்ள நெஞ்சுல விசில் சத்தம் ஆரம்பிச்சுடும்" என்றார் அம்மா.

பையனுக்கு ஆஸ்துமா இருப்பது தெரிந்த விஷயம்தான். ஆனால் ஞாயிறு தவறாமல் ஏன்? பழி விழுந்தது பாட்டியின் தயிர்வடை மேல்! தயிர்வடைக்குத் தடை. அப்புறம் ஐஸ்க்ரீமுக்குத் தடை. பாட்டிக்கு மனசு சங்கடம். வீஸிங் மட்டும் நிற்கவே இல்லை.

டாக்டர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "பாட்டி வீட்டுக்குப் போன பிறகு வருதா, போற வழியிலேயே வருதா?"

"வழியிலேயேதான்..."

"அப்போ தயிர்வடையை விட்டுடுங்க. கார் ஏ.ஸி. ஃபில்டரைக் கடைசியா எப்ப மாத்தினீங்க?"

அப்பா விழித்தார். "ஃபில்டரா? சர்வீஸ்ல ஏர் ஃபில்டர் மாத்தினதா பில் இருக்கே சார்!"

அது இன்ஜினுக்கான ஃபில்டர். டாக்டர் கேட்டது வேறு. வீட்டுக்கு வந்து, டாஷ்போர்டில் சாமான் வைக்கும் கிளவ் பாக்ஸைக் கழற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. வேப்பமரத்தடியில் நான்கு வருஷமாக நிற்கும் கார். உள்ளே காய்ந்த வேப்பிலைச் சருகு, கறுத்துப்போன தூசி, போதாததற்கு எலிப் புழுக்கை! ஏ.ஸி. போட்டதும் குழந்தைகளின் முகத்தில் அடித்த 'ஜில்' காற்று இதையெல்லாம் தடவிக்கொண்டுதான் வந்திருக்கிறது.

இரண்டு ஃபில்டர்... குழப்பிக்கொள்ளாதீர்கள்!

பானெட்டுக்குள் இருக்கும் ஏர் ஃபில்டர், இன்ஜினுக்குப் போகும் காற்றை வடிகட்டுவது. அதனால் காருக்கு லாபம். நாம் பேசுவது 'கேபின் ஃபில்டர்'. உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் சுவாசிக்கும் காற்றை வடிகட்டுவது. அதனால் நமக்கு லாபம்.

முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் பக்கத்தில் இருக்கும் துவாரங்கள் வழியாகத்தான் வெளிக்காற்று உள்ளே நுழைகிறது. பெரும்பாலான கார்களில் அது கேபின் ஃபில்டரைத் தாண்டி, குளிர்ச்சி தரும் காயிலைத் தொட்டுவிட்டு நம்மிடம் வருகிறது. காற்றை உள்ளேயே சுழல விடும் 'ரீசர்க்குலேஷன்' பட்டனை அழுத்தினாலும் பல கார்களில் அதே ஃபில்டர் வழியாகத்தான் காற்று திரும்பத் திரும்ப வரும். ஆக, ஃபில்டர் அழுக்கென்றால் எந்தப் பட்டனை அழுத்தினாலும் தப்பிக்க முடியாது.

இன்னொரு விஷயம். பழைய கார்கள் சிலவற்றிலும், விலை குறைந்த சில மாடல்களிலும் ஃபில்டருக்கான இடம் காலியாகவே இருக்கும்! "உன் வண்டியில் ஃபில்டர் இருக்கிறதா?" என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும்.

எதைத் தடுக்கும்? எதைத் தடுக்காது?

நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். பூக்களின் மகரந்தம் பெரும்பாலும் 10 மைக்ரானுக்கு மேல். சாலைத் தூசியில் பெரிய துகள்களையும் மகரந்தத்தையும் சாதாரண ஃபில்டரே நன்றாகப் பிடித்துவிடும். தும்மலுக்கும் மூக்கு ஒழுகலுக்கும் இவைதான் பெரும்பாலும் காரணம்.

வம்பு பிடித்தது 'பி.எம். 2.5' என்கிற நுண்துகள். டீசல் புகையிலும் குப்பை எரிக்கும் புகையிலும் இருப்பது. மூக்கு முடிக்குத் தப்பி நுரையீரலின் அடிவரை போய்விடும். இதன் அளவு வருட சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று 2021-ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. 2009-ல் இந்தியா வகுத்த வரம்பு 40. இந்த நுண்துகளில் ஒரு பகுதியைத்தான் சாதாரண ஃபில்டர் பிடிக்கும்.

2018 போகி நினைவிருக்கிறதா? புகைமூட்டத்தால் சென்னையில் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. அந்த மாதிரி நாளில் ஆஸ்துமாக்காரர்கள் வெளியே போகாமல் இருப்பதே நல்லது. ஃபில்டர் இருக்கிறதே என்ற தைரியம் வேண்டாம்.

எல்லாவற்றையும் விட முக்கியமான எச்சரிக்கை: கார்பன் மோனாக்ஸைடு வாயுவை எந்தக் கேபின் ஃபில்டரும் தடுக்காது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூடிய கராஜில் இன்ஜினை ஓடவிட்டு, ஏ.ஸி. போட்டுக்கொண்டு தூங்கினால் உயிருக்கே ஆபத்து. 'கார்பன் ஃபில்டர்தானே போட்டிருக்கு' என்று நினைத்துவிடாதீர்கள்!

எதை வாங்கலாம்?

கடையில் இரண்டு வகை சாதாரணமாகக் கிடைக்கும். வெள்ளையாக, விசிறி மடிப்பாக இருப்பது தூசி ஃபில்டர். சாம்பல் அல்லது கறுப்பு நிறத்தில் இருப்பது 'ஆக்டிவேட்டட் கார்பன்' கலந்தது. கரித்தூள் வாசனையையும் சில வாயுக்களையும் ஈர்த்துக்கொள்ளும். கூவம் ஓரமாகவோ, லாரிகளுக்குப் பின்னாலோ தினமும் போகிறவர்களுக்குக் கார்பன் வகை நல்லது. விலை கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

'ஹெப்பா' என்று ஒரு வகை உண்டு. உண்மையான ஹெப்பா, 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவிகிதத்தைப் பிடிக்கும். ஆனால், அட்டைப் பெட்டியில் பேர் எழுதியிருப்பதாலேயே ஹெப்பா ஆகிவிடாது. அதற்கென்று வடிவமைக்காத காரில் ரொம்ப அடர்த்தியான ஃபில்டரைப் போட்டால் காற்றோட்டம் குறைந்துவிடும்.

வாங்கும்போது காரின் மாடலையும் தயாரிப்பு வருஷத்தையும் சொல்லி வாங்குங்கள். சட்டத்துக்குள் ஃபில்டர் கச்சிதமாக உட்கார வேண்டும். ஓரத்தில் விரல் நுழைகிற இடைவெளி இருந்தால், காற்று ஃபில்டரை ஏமாற்றிவிட்டு அந்த வழியாகவே போய்விடும்! மடிப்புகள் நெருக்கமாக, ஒரே சீராக இருக்க வேண்டும். பில் கேட்டு வாங்குங்கள்.

எப்போது மாற்றுவது?

கையேட்டில் போட்டிருக்கும் கணக்குதான் முதல் வழிகாட்டி. பொதுவாக வருஷத்துக்கு ஒரு முறை, அல்லது 15,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். மெட்ரோ வேலை நடக்கும் சாலை, மண் ரோடு, மரத்தடி பார்க்கிங் என்றால் ஆறு மாசத்துக்கு ஒரு தரம் திறந்து பார்த்துவிடுங்கள். மழைக்காலத்துக்கு முன்னால் பார்ப்பது ரொம்ப நல்லது.

இந்த அடையாளங்கள் தெரிந்தால் காத்திருக்கவே வேண்டாம்: ஃபேனை நாலில் வைத்தும் காற்று மெதுவாக வருவது; ஏ.ஸி. போட்டதும் ஈரத்துணி நாற்றம். மழையில் முன் கண்ணாடியில் பனி படிந்து சீக்கிரம் கலையாமல் இருப்பது. காரில் ஏறியதும் தும்மல்.

நீங்களே மாற்றலாம்!

ஸ்குரூ டிரைவர்கூட இல்லாமல் பல கார்களில் பத்து நிமிஷத்தில் மாற்றிவிடலாம்.

1. இன்ஜினை அணைத்துவிட்டு, கிளவ் பாக்ஸைக் காலி செய்யுங்கள்.

2. பாக்ஸின் இரண்டு பக்கத்தையும் உள்பக்கமாக லேசாக அழுத்தினால் கீழே இறங்கும். பக்கத்தில் கயிறோ கம்பியோ மாட்டியிருந்தால் முதலில் கழற்றுங்கள். முரட்டுத்தனமாக இழுக்க வேண்டாம்.

3. பின்னால் நீளமான பிளாஸ்டிக் மூடி இருக்கும். கொக்கியை அழுத்தி எடுங்கள். பழைய ஃபில்டரை உருவுவதற்கு முன் அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. முகத்தில் மாஸ்க், கையில் கிளவுஸ் அவசியம். எலிப் புழுக்கை இருந்தால் ஊதவோ, பெருக்கவோ கூடாது. கிருமிநாசினியில் நனைத்த துணியால் துடைத்தெடுங்கள். சருகு உள்ளே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. அம்புக்குறி காற்று போகும் திசையைக் காட்டும்படி புதியதைச் செருகி மூடுங்கள்.

ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிடுவது நல்லது. சில கார்களில் ஃபில்டர் வைப்பருக்குக் கீழேயோ, டிரைவர் கால் பக்கமோ இருக்கும். அதற்கு மெக்கானிக்கின் உதவி தேவைப்படலாம்.

"கழுவிக் காயவெச்சு மறுபடியும் போட்டா என்ன?" என்று கேட்பீர்கள். கூடாது! தண்ணீர் பட்டால் மடிப்பு குலையும். சரியாகக் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். 'கழுவலாம்' என்று தயாரித்தவரே சொல்லியிருக்கும் வகையை மட்டும் கழுவுங்கள்.

இவையும் பழக்கத்தில் இருக்கட்டும்

* வீடு நெருங்கும்போது ஏ.ஸி.யை மட்டும் அணைத்துவிட்டு, ஃபேனை இரண்டு மூன்று நிமிஷம் ஓடவிடுங்கள். காயில் காய்ந்தால் பூஞ்சை நாற்றம் குறையும்.

* லாரிப் புகைக்குப் பின்னால் போகும்போது ரீசர்க்குலேஷன் நல்லது. ஆனால் நாலு பேர் உட்கார்ந்து மணிக்கணக்காக அதிலேயே ஓட்டினால், மூச்சில் விடும் கார்பன் டை ஆக்ஸைடு சேர்ந்து டிரைவருக்குத் தூக்கம் வரும். நடுநடுவே வெளிக்காற்றை உள்ளே விடுங்கள்.

* வீஸிங் உள்ளவர்கள் போகும் காரில் சென்ட், ஊதுபத்தி, சிகரெட் மூன்றும் வேண்டாம்.

குரோம்பேட்டைக் குடும்பம் என்ன ஆயிற்று? ஃபில்டர் மாறியது, மேட்டும் சீட்டும் வாக்குவம் செய்யப்பட்டன. வழியில் வரும் தும்மல் வெகுவாகக் குறைந்தது. டாக்டர் மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "ஃபில்டர் மாத்தியாச்சுன்னு இன்ஹேலரை நிறுத்திடாதீங்க. அது தூண்டுறதைத்தான் குறைக்கும், ஆஸ்துமாவைக் குணப்படுத்தாது." அம்மாவின் கைப்பையில் இன்ஹேலர் இன்றும் இருக்கிறது. புது ஃபில்டரின் ஓரத்தில் தேதியும் கிலோமீட்டரும் பேனாவில் எழுதி வைத்திருக்கிறார் அப்பா.

பாட்டி வீட்டில் தயிர்வடைக்குத் தடை நீங்கிவிட்டது. "நாலு வருஷம் வண்டியைத் திறந்து பார்க்காம, என் வடை மேல பழி போட்டீங்களேடா!" என்று பாட்டி மட்டும் ஞாயிறுதோறும் சொல்லிக் காட்டுகிறார்.

நீங்களும் இந்த ஞாயிற்றுக்கிழமை, கிளம்புவதற்கு முன்னால் கிளவ் பாக்ஸை ஒரு தரம் கழற்றிப் பாருங்களேன்!